ரஸ்கெயாதோவும் என் சுண்டுவிரலும்

பாலக்காட்டுச் சித்தூரில், கணவாய்க் காற்று ஓயாத மாலைகளில், ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசையின் கிதாரில், விரல்களை அடுத்தடுத்துச் சுண்டித் தந்திகளை மீட்டும் ரஸ்கெயாதோ முறையைப் பழகிவருகிறேன். கட்டைவிரலை ஆறாம் தந்தியில் ஊன்றிக்கொண்டு, சுண்டுவிரல் தொடங்கி ஆள்காட்டிவிரல் வரை ஒவ்வொன்றாக வெளிப்புறம் சுண்டும்போது, நகத்தின் முதுகுப்புறம் தந்திகளை உரசிச் செல்ல வேண்டும். மணிக்கட்டு இறுகக் கூடாது. அன்றாட வேலைகளில் விரலை மடக்கிப் பிடிக்கவே பழகியிருக்கிறோம் என்பதால், வலுவாக நீட்டச் சொன்னால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் முரண்டுபிடிக்கின்றன. அவை இரண்டையும் மட்டும் தொடைமீது தனியே சுண்டிப் பழகுவது, வேகத்தைத் துரத்துவதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து. நான்கு அடிகளும் ஒரே கனத்தில் ஒலித்த பிறகே தாள வேகத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளுக்கு மேல் ஏற்றுகிறேன் (பக்கத்து வீட்டு மாமாவுக்கு எல்லாமே தகரச் சத்தம்தான்). சொலேயா என்னும் ஃபிளமெங்கோ வடிவத்தின் 12 எண்ணிக்கையில் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழுவதால், ஆதி தாளத்தில் ஊறிய நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டேதான் சுண்டுகிறேன்.