இன்னும் கார் வாங்கலையா?

வெளிநாட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது, இன்னும் கார் வாங்கவில்லை. கொள்கை, சுற்றுச்சூழல் என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆரம்பத்தில் அது வெறும் சோம்பல். ஊரிலிருந்து கொண்டுவந்த ஓட்டுநர் உரிமம் சில மாதங்களுக்குத்தான் செல்லும், அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தள்ளிப்போட்டேன். இந்த நாட்டில் ஓட்டிப் பழக்கமில்லாத புது ஆளுக்குக் காப்பீட்டுத் தொகை கூடுதல் என்றார்கள், அதைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டேன்.

அந்த இடைவெளியில்தான் வீடு மாறவேண்டி வந்தது. எங்களோடு வந்தவர்கள் பெரிய வீடு, குறைந்த வாடகை என்று நகருக்கு வெளியே போனார்கள். வாடகையில் மிச்சம் பிடித்தது எரிபொருள், காப்பீடு, பார்க்கிங் என்று போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் வீட்டுக்கு இரண்டு கார். நாங்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்றைப் பிடித்தோம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன், வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேருந்திலேயே போங்கள். மற்ற நாளில் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருவது அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாகிவிடும். தரகர் சொல்லும் 'பக்கம்தான்' காரில் போகிறவர் கணக்கு. ஒரு கிலோமீட்டர் நடக்க 12 நிமிடம் ஆகும், சைக்கிளில் அதே நேரத்தில் 3 கிலோமீட்டர் போய்விடலாம்.

சைக்கிளும் சும்மா வந்துவிடவில்லை. முதல் மழைக்காலத்தில் சங்கிலிக்கு எண்ணெய் போடாமல் விட்டுத் துருப்பிடிக்க வைத்தேன். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டி முட்டிவலி வேறு. பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. குளிர் நினைத்த அளவுக்குப் பிரச்சினை இல்லை, காதையும் விரலையும் மூடிவிட்டால் போதும், தடித்த கோட்டைப் போட்டு மிதித்தால் உள்ளே வியர்த்துக் கொட்டும். எதிர்காற்றுதான் பாவி.

லக்ஸம்பர்க்கில் 2020-லிருந்து நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயிலில் இரண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம். எஸ்டோனியாவின் தாலினில் 2013-லிருந்தே அந்த நகரவாசிகளுக்கு இலவசம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, மாதப் பாஸ்தான். ஆனாலும் மாதம் பிறந்ததும் போக்குவரத்துச் செலவு இவ்வளவுதான் என்று தெரிந்துவிடும், நடுவில் பிரேக் போச்சு, டயர் போச்சு என்று எதுவும் வந்து நிற்காது.

எதிர்பார்க்காத இடத்தில்தான் நிஜமான மிச்சம் வந்தது. இரண்டு கை தூக்குகிற அளவுக்குத்தான் சாமான் வாங்க முடியும் என்றால், 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' பலகை கண்ணில் படுவதே நின்றுவிடுகிறது. வீட்டில் வீணாகத் தூக்கி எறிவது குறைந்தது, அலமாரி காலியாக இருப்பது முதலில் வறுமை மாதிரி உறுத்தியது, இப்போது அப்படியே பிடித்திருக்கிறது.

நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் டாக்ஸிதான், கட்டில் மாற்ற ஒருநாள் வாடகைக்கு வண்டியும் ஓட்ட ஆளும். அதற்காகக் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை. நம்மவர்கள் கூடும் இடத்தில் மட்டும் 'இன்னும் கார் வாங்கலையா?' என்ற கேள்வி விடாமல் வரும், கூடவே 'நான் இறக்கிவிடுறேன்' என்று பரிவும் வரும். இப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே, கடைசி ரயில் பத்தரைக்கு, கிளம்புகிறோம் என்று எழுந்துவிடுகிறோம். அதற்கப்புறமும் ஒரு ரயில் உண்டு.