அத்தைக்கு வயிற்று வலி

அத்தை எப்படி இறந்தார் என்று யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: "அவ வயித்து வலியில போயிட்டா." நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போன மாதம் அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கை நின்றது. "வயித்து வலியெல்லாம் இல்ல சாமி. அவளாத்தான் முடிச்சிக்கிட்டா." 32 வருடமாக யாரிடமும் சொல்லவில்லையாம். அப்புறம் மறுபடி இடிக்க ஆரம்பித்தார். உரலில் வெற்றிலை எப்போதோ மசிந்துவிட்டிருந்தது.

பேப்பரில் 'தீராத வயிற்று வலி' என்று வரும் செய்திகளை இனி என்னால் சாதாரணமாகக் கடக்க முடியாது. மறைத்தவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் தற்கொலை முயற்சியே குற்றம், இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 309-வது பிரிவு. போலீஸ், ஊர் வாய், அடுத்த பெண்ணுக்கு வரன் அமையாதே என்ற பயம். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம்தான் சொன்னது.

"அன்னிக்கு அவகிட்ட முகம் குடுத்துப் பேசியிருக்கலாமோ?" என்று கேட்டார் அப்பாயி. பதில் தெரியவில்லை. சுண்ணாம்பு படிந்த அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்குள்ளும் இப்படி ஏதாவது அழுத்திக்கொண்டிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸை அழையுங்கள், 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். இல்லையென்றால் என் இன்பாக்ஸுக்கு வாருங்கள், எந்த நேரமானாலும் சரி.