55,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: திரையிலிருந்து தொடங்கிய கணக்கு

தம்பியின் பழைய லேப்டாப்பில் ஜிடிஏ 5 ஓடினால், அதன் விசிறிச் சத்தம் ஹாலில் டிவி பார்க்கும் அம்மாவுக்குக் கேட்கும். 2015இல் கம்ப்யூட்டருக்கு வந்த விளையாட்டு அது. அதற்கே அந்த மூச்சுத் திணறல். "அடுத்த வருஷம் ஒரு டெஸ்க்டாப் கட்டிடலாம்டா" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024 ஏப்ரலில்தான் பணம் சேர்ந்தது. 55,000 ரூபாய். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்ததால் அத்தனையும் பெட்டிக்குள் போகும் பணம்.

தம்பி ஒரு பட்டியலோடு வந்தான். கண்ணாடிக் கேபினெட், சுற்றிலும் ஆர்ஜிபி (வண்ண விளக்கு) விசிறிகள்: 6,500. லிக்விட் கூலர்: 5,800. அதன்பின் ப்ராசஸர், மதர்போர்டு என்று இறங்கிக் கடைசி வரியில் கிராபிக்ஸ் கார்டு. அதற்கு மிஞ்சியது 12,000க்கும் கீழே. அவனைக் குறை சொல்ல மாட்டேன். வீடியோக்களில் முதலில் கண்ணில் படுவது அந்த வெளிச்சம்தான். ஆனால் விளையாட்டின் ஒவ்வொரு காட்சியையும் வரைவது கடைசி வரியில் இருந்த அந்தக் கார்டு.

பட்டியலைத் தலைகீழாகப் போட்டோம். முதல் வரி, மானிட்டர். போன தீபாவளிக்கு வாங்கியது, 24 அங்குலம், 1080பி, 144 ஹெர்ட்ஸ். ஒரு காட்சிக்கு 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையாக இருந்தால் 36.9 லட்சம், அதாவது முக்கால் மடங்குக்கு மேல் கூடுதல் வேலை. நம் திரை 1080பி என்பதால் அந்த அளவில் நன்றாக ஓட்டும் கார்டு போதும், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். இந்த ஒரு முடிவு எடுத்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது.

கார்டுக்கு நாலு பெயர் களத்தில் இருந்தன.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, சொந்த நினைவகம் 4 ஜிபி. விலை ஆசை காட்டியது. ஆனால் அது மதர்போர்டோடு பேசுவது 4 தடங்களில் மட்டும். பிசிஐஇ (கார்டும் மதர்போர்டும் பேசும் பாதை) 4.0 உள்ள மதர்போர்டில் ஒருவாறு சமாளிக்கும். நாங்கள் நினைத்திருந்த பி450 போர்டில் பிசிஐஇ 3.0 என்பதால் பாதை பாதியாகிவிடும். 4 ஜிபி நிறைந்ததும் மிச்சத்தை ரேமிலிருந்து அந்தக் குறுகிய சந்து வழியாகத்தான் இழுத்தாக வேண்டும், விளையாட்டு அங்கேதான் திக்கும். வேண்டாம் என்று அடித்தேன்.

ஆர்எக்ஸ் 580, "2048எஸ்பி" என்று வால் முளைத்தது. ஆன்லைனில் 8 ஜிபி கார்டு இந்த விலையிலா என்று தோன்றும். உண்மையான 580இல் 2304 கணிப்பு அலகுகள் உண்டு. 2048 என்பது அதற்குக் கீழ்ப்படியான 570இன் கணக்கு. பெயர்தான் 580. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங்கை விட்டு விலகியபின் இரவுபகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. எது எத்தனை வருஷம் வெந்தது என்று பார்த்ததும் சொல்ல முடியாது. நேரில் ஓட்டிப் பார்த்து வாங்க முடிந்தவர்களுக்கு அது சரி. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. அந்த வருஷம்தான் வந்திருந்தது. 70 வாட்தான், தனி மின் இணைப்பே வேண்டாம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருக நல்ல தேர்வு. புதிதாகக் கட்டுபவருக்கோ, அப்போது மூவாயிரத்துச் சொச்சம் கூடப் போட்டால் கிடைத்த ஆர்எக்ஸ் 6600 இதைவிடத் தெளிவாக வேகமானது. 8 ஜிபி, 8 தடங்கள், 132 வாட், ஒரே ஒரு 8 பின் இணைப்பு. 6600க்குத்தான் முடிவு செய்தோம். ஒன்று மட்டும்: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அங்கே என்விடியா கார்டுதான் வேகம்.

ப்ராசஸரில் அதிகம் யோசிக்கவில்லை. ஐ3-12100எஃப் விலைக்கு அருமையான சரக்கு, ஆனால் 4 கோர். ரைசன் 5 5600இல் 6 கோர், 12 திரெட், மூன்றாம் நிலை கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி. பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 5500, 5600ஜி இரண்டிலும் கேஷ் 16 எம்பிதான், விளையாட்டில் அந்த வித்தியாசம் தெரியும். கூலர் பெட்டியிலேயே வருகிறது, ஆக லிக்விட் கூலரின் 5,800 மிச்சம். ப்ராசஸரைச் செருகும் புதிய சாக்கெட்டான ஏஎம்5க்குப் போகலாமா என்றும் பார்த்தோம். டிடிஆர்5 ரேமும் அந்த மதர்போர்டுகளும் சேர்ந்து கார்டின் பணத்தைக் கடித்துவிடும். 5600 உட்காரும் ஏஎம்4 பழைய சாக்கெட் என்று ஒதுக்கவும் தோன்றவில்லை. 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி அந்த ஜனவரியில்தான் அதே சாக்கெட்டுக்கு வந்தது. மூன்று வருஷம் கழித்துத் தம்பி சம்பாதிக்கும்போது அதை வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முதல் கம்ப்யூட்டர் 2011இல் வாங்கியது. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ். ஒரு மே மாத ராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வந்த நொடியில் பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. அது தனியாகப் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அக்கா கல்யாண போட்டோக்கள் அந்த டிஸ்க்கில் இருந்தன. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அதனால் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட்டைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் பார்ப்பேன். ப்ராசஸரும் கார்டும் தின்பது அந்த 12 வோல்டைத்தான். அங்கே எழுதியிருக்கும் ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். "450 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, 12 வோல்டில் 16 ஆம்பியர் என்று இருந்தால், நமக்கு உதவுவது 192 வாட். மிச்சம் எல்லாம் நம் வேலைக்கு ஆகாத வரிகளில் இருக்கிறது. நான் எடுத்தது 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தர முத்திரை), 12 வோல்டில் 45 ஆம்பியர். பெருக்கினால் 540.

ப்ரான்ஸ் என்றால் பாதிச் சுமையில் 85 சதவீதமாவது திறன் இருக்க வேண்டும். கார்டு 132, ப்ராசஸர் ஏறக்குறைய 80, மற்றவை 40 என்று வைத்தால் 252 வாட். சுவரிலிருந்து இழுப்பது 300க்குள். வீட்டு யுபிஎஸ் 600 விஏ, அதாவது 360 வாட். மானிட்டரைச் சேர்த்தாலும் தாங்கும் என்று காகிதத்தில் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோ மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்கு நடந்தோம். தெருவில் கால் வைத்ததும் "என்னா வேணும் தம்பி, லேப்டாப்பா, சிசிடிவியா" என்று நாலு பக்கமும் குரல். முதல் கடையில் விலை கேட்டோம், குறித்துக்கொண்டோம், நகர்ந்தோம். மூன்றாவது கடைக்காரர் எங்கள் பட்டியலை நிதானமாகப் படித்தார்.

"6600 எடுக்கிறீங்க, அப்புறம் ஏன் ஒரே 16 ஜிபி ரேம் எழுதியிருக்கீங்க? ரெண்டு எட்டா வாங்கிக்கோங்க."

"பின்னால இன்னொரு பதினாறு போடலாம்னுதான் அண்ணே..."

"போர்டுல நாலு ஸ்லாட் இருக்குல்ல? இன்னைக்கு ஆடப்போறது இன்னைக்கு நல்லா ஓடணும்ல."

ஒத்துக்கொண்டேன். அவர் சொன்னது சரி என்பது வீட்டில் அளந்தபோது தெரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன். அவரிடமே இன்னொன்று கேட்டேன்: பி450 போர்டின் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள்) பழையதாக இருந்தால் 5600ஐ அடையாளம் காணாது, இங்கேயே ஒரு தடவை ஆன் செய்து காட்ட முடியுமா? மேஜை மேல் வைத்தே இணைத்து, பயாஸ் திரையில் ப்ராசஸர் பெயர் வரும்வரை காட்டினார். பத்து நிமிஷ வேலை. இதைக் கேட்காமல் வந்திருந்தால் அடுத்த நாள் திரும்ப ஒரு பயணம் போயிருக்கலாம்.

வேறொரு கடையில் பில் இல்லாமல் எடுத்தால் கார்டுக்கு இரண்டாயிரம் குறைப்பதாகச் சொன்னார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி கசக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்று வருஷ வாரண்டிக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. பில்லோடுதான் வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த கணக்கு: ப்ராசஸர் 11,200. மதர்போர்டு 6,900. ரேம் 3,400. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,300. கார்டு 20,800. எஸ்எம்பிஎஸ் 4,100. முன்புறம் வலை வைத்த கேபினெட், விசிறிகளோடு 3,200. மொத்தம் 54,900. கார்டு மட்டும் 38 சதவீதம். மிச்சம் நூறு ரூபாய்க்குத் தெருமுனையில் டீயும் சமோசாவும்.

கோப்பது ஞாயிறு காலை. அம்மா பாயை விரித்துக் கொடுத்தார். ப்ராசஸரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் விட்டால் தானாக உட்கார்ந்துவிடும். ஏஎம்4இல் ஊசிகள் ப்ராசஸரிலேயே இருப்பதால் அங்கே மட்டும் அவசரப்படக் கூடாது. தம்பிதான் வைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். ரேமை ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் செருகினோம், போர்டின் கையேடு சொன்னபடி.

முதல் முறை ஆன் செய்ததும் விசிறிகள் சுழன்றன, திரை கறுப்பு. இரண்டு பேருக்கும் நெஞ்சு அடைத்தது. ரேமைக் கழற்றி மாட்டினோம், மின் இணைப்புகளை அழுத்திப் பார்த்தோம். கால் மணி நேரம் கழித்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டின் துளையில் இருக்கிறது. அந்தத் துளை கிராபிக்ஸ் உள்ளடங்கிய ஜி வகை ப்ராசஸர்களுக்கானது. 5600இல் கிராபிக்ஸ் கிடையாது, எனவே அங்கே படமே வராது. கீழே கார்டின் துளைக்கு மாற்றியதும் படம் வந்தது.

அடுத்தது பயாஸில் எக்ஸ்எம்பி, ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு. 3200 என்று வாங்கிய ரேம் வந்த நிலையில் 2400இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொடுக்கில் 3200. இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் என் நண்பர்களிலேயே இரண்டு பேர்.

ரேம் விஷயத்தைத் தம்பிக்குக் காட்ட, ஒரு துண்டைக் கழற்றிவிட்டு ஜிடிஏ 5க்குள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க்கை ஓட்டினேன். ஒரே துண்டில் நொடிக்குச் சராசரி 101 ஃப்ரேம், மிக மோசமான ஒரு சதவீத நேரத்தில் 60. இரண்டு துண்டிலும் சராசரி 123, மோசமான நேரத்தில் 83. 8 ஜிபிக்கும் 16க்கும் உள்ள வித்தியாசமும் இதில் கலந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தது. நண்பனிடம் ஒற்றை 16 ஜிபி துண்டைக் கடன் வாங்கி மறுபடி ஓட்டினேன். சராசரி 104, மோசமான நேரத்தில் 62. ஆக அளவால் அல்ல, தகவல் இரண்டு துண்டுகளின் இரண்டு வழியாகப் போய்வருவதால்தான் இந்த வேகம். கடைக்கார அண்ணனுக்கு நன்றி.

மே மாதம் வந்தது. எங்கள் அறையில் ஏசி கிடையாது, ராத்திரி பத்து மணிக்கும் 34 டிகிரி. ஒரு மணி நேரம் ஆடியபின் ப்ராசஸர் 73, கார்டு 75, கார்டின் உச்சச் சூட்டுப் புள்ளி 89. பயப்படும் அளவில்லை, ஆனால் சத்தம் ஏறியது. கேபினெட் மூச்சு விடுகிறதா என்று பார்க்க முன்பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டு ஆடிப் பார்த்தோம். இரண்டு டிகிரிதான் குறைந்தது. அப்படியானால் வலை நன்றாகக் காற்றை விடுகிறது, குறை அறையின் சூடுதான். கார்டின் மென்பொருளில் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அரை மணி ஆடிச் சோதித்தோம். கடைசியில் சிப் தின்பது 100 வாட்டிலிருந்து 87க்கு இறங்கியது. சூடு 70. ஃப்ரேமில் குறைவு தெரியவில்லை. அந்த மென்பொருள் காட்டும் 100 என்பது சிப் மட்டும், முழுக் கார்டு 132 என்பதை யுபிஎஸ் கணக்கில் மறக்கக் கூடாது.

யுபிஎஸ்ஸையும் சோதித்தோம். சில புது எஸ்எம்பிஎஸ்களும் மலிவு யுபிஎஸ்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரே அணைந்துவிடுவது உண்டு. விளையாட்டு ஓடும்போதே மெயின் சுவிட்சை மூன்று முறை அணைத்தேன். மூன்று முறையும் தாங்கியது. ஆறு நிமிஷம் கிடைக்கிறது, சேமித்துவிட்டு அணைக்கப் போதும்.

இனி பாக்கி: கேபினெட் வலைக்குப் பின்னால் ஒரு தூசி வடிகட்டி. ஒரே மாதத்தில் முன் விசிறியில் சாம்பல் நிறத்தில் படிந்துவிட்டது, மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. தம்பி ஆர்ஜிபி பட்டை ஒன்று கேட்கிறான், 400 ரூபாய். அடுத்த சம்பளத்தில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். புது எஸ்எஸ்டியில் அக்கா கல்யாணத்துக்கென ஒரு ஃபோல்டர் திறந்து வைத்திருக்கிறேன். சித்தப்பாவின் போனில் பதினோரு படங்கள் இருந்தன, அவற்றை முதலில் போட்டாயிற்று.