பிளாட்டியா போரை வரைபடம் வைத்துப் படியுங்கள்

பண்டைய நாகரிகங்கள் தாளில் கிரேக்க-பாரசீகப் போர்கள் பற்றிய கேள்வி வந்தால், பலரும் மராத்தானையும் சலாமிஸையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு பிளாட்டியாவை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கி.மு. 480-இல் சலாமிஸில் பாரசீகக் கடற்படை தோற்றதும் மன்னர் செர்க்சஸ் ஆசியாவுக்குத் திரும்பினார், சரி. ஆனால் அவருடைய தளபதி மார்டோனியஸ் பெரிய தரைப்படையோடு கிரேக்கத்திலேயே தங்கினார். அடுத்த ஆண்டு ஏதென்ஸை மறுபடியும் பிடித்தார். அந்தப் படையை ஒழித்தது கி.மு. 479-இல் நடந்த பிளாட்டியா போர்தான். விடையை இங்கிருந்தே தொடங்குங்கள்.

படிக்கும்போது முதலில் கையால் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டேன். தெற்கே கித்தைரோன் மலை, வடக்கே அசோப்பஸ் ஆறு, ஆற்றங்கரையில் பாரசீகர்கள், இடையில் கிரேக்கர்கள். அப்புறம் தண்ணீரும் தானியமும் எந்த வழியாக வந்தன என்று அம்புக்குறி போட்டேன். அதோடு போரின் காரணகாரியம் முழுக்கப் பிடிபட்டுவிடும். பாரசீக வில்லாளிகள் ஆற்றை நெருங்க விடவில்லை, அதனால் கிரேக்கர்கள் கார்காஃபியா ஊற்றை நம்பியிருந்தார்கள். எதிரிக் குதிரைப்படை மலைக் கணவாயில் உணவு வண்டிகளை மடக்கியது, பிறகு ஊற்றையும் பாழாக்கியது. வேறு வழியின்றி கிரேக்கப் படைத் தலைவரான ஸ்பார்ட்டாவின் பாசனியஸ் இரவோடு இரவாகப் பின்வாங்க உத்தரவிட்டார். இருட்டில் படைகள் சிதறின. விடிந்ததும் எதிரி ஓடிவிட்டான் என்று நினைத்து மார்டோனியஸ் ஆற்றைக் கடந்து துரத்தினார். ஸ்பார்ட்டா, டெகியா நகர வீரர்கள் திரும்பி நின்றார்கள். நீண்ட ஈட்டிக்கும் கனத்த கவசத்துக்கும் முன்னால் பிரம்புக் கேடயங்கள் தாங்கவில்லை. மார்டோனியஸ் விழுந்ததும் அவருடைய படை நிலைகுலைந்தது.

படை எண்ணிக்கையை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். மார்டோனியஸிடம் 3 லட்சம் பேர் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இன்றைய ஆய்வாளர்கள் அதை மிகை என்றே கருதுகிறார்கள். இதை ஒரு வரியில் குறிப்பிட்டாலே போதும், சான்றை எடைபோடத் தெரிந்தவர் என்பது திருத்துபவருக்குப் புரியும். ஹெரோடோட்டஸ் நூலின் 9-ஆம் பகுதியை மொழிபெயர்ப்பிலாவது ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

'கிரேக்கர்கள் ஒன்றுபட்டார்கள்' என்று மட்டும் எழுத வேண்டாம். தீப்ஸ் நகரத்தார் பாரசீகர் பக்கம் நின்று ஏதென்ஸ் படையோடு மோதினார்கள். எதிர்த்து நின்ற 31 அரசுகளின் பெயர்கள் டெல்ஃபியில் நிறுவிய வெண்கலப் பாம்புத் தூணில் உண்டு. அதன் எஞ்சிய பகுதி இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. இதே காலத்தில் ஆசியக் கரையில் நடந்த மிக்காலே போருக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள்.