இது எங்கே காய்ச்சியது?

குளிர்பதன வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன் நான். வீடு தென்னாப்பிரிக்காவில், மிட்ராண்டில், ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே. சூப்பர் மார்க்கெட் குளிர் அறைகள், இறைச்சிக் கிடங்கு ஃப்ரீசர்கள், இவைதான் பிழைப்பு. மாதத்தில் பத்து நாளாவது டர்பன், கேப்டவுன், புளூம்ஃபோன்டெய்ன், நாங்கள் இன்னும் போர்ட் எலிசபெத் என்றே சொல்லும் கெபெர்கா என்று ஏதாவது ஓர் ஊரில் கிடப்பேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடியும். ரூமுக்கு வந்து குளித்துக் கம்ப்ரசர் எண்ணெய் வாசனை போனதும் ஒரு பியரும் ஏதாவது சாப்பாடும் வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வந்த புதிதில் நான்கைந்து வருஷம் நேராக மாலுக்குத்தான் போவேன். எல்லா ஊர் மாலிலும் ஒரு செயின் பார் இருக்கும். ஒரே மெனு அட்டை, ஒரே ஐந்து குழாய், பெரிய திரையில் ரக்பி. பயமில்லை, கார் நிறுத்த இடம் உண்டு, விலை தெரியும். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது கோவில்பட்டியிலிருந்து அம்மா கூப்பிட்டார். "இப்ப எந்த ஊர்லப்பா இருக்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆனது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தேன். இது புளூம்ஃபோன்டெய்ன் என்று சொல்ல அந்த அறையில் ஒரு பொருள்கூட இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, ஊர் ஊராகப் போய், எந்த ஊரையும் பார்க்காமல் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்தப் பாரில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, "இது எங்கே காய்ச்சியது?" செயின் கடைகளில் பரிமாறும் பையன் குழாயின் மேல் இருக்கும் பெயரைப் பார்த்துச் சொல்வான். அவன்மேல் குற்றம் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பியர் காய்ச்சும் சின்ன ப்ரூவரியின் பாரில் அதே கேள்வியைக் கேட்டால் கையைப் பின்பக்கம் நீட்டுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொட்டிகள் நிற்கும். சில சமயம் காய்ச்சியவரே ரப்பர் பூட்ஸோடு வந்து எதிரில் உட்காருவார்.

நம் ஊரில் குடி என்றால் போதை, அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்றுதான் நானும் வளர்ந்தேன். டாஸ்மாக் வாசலில் நின்று அவசரமாக ஊற்றிக்கொண்டு போவதைப் பார்த்த கண் இது. இங்கே முதல் தடவை ஒரு மரப்பலகையில் நான்கு குட்டி பியர் கிளாஸ்களை வரிசையாக வைத்துக் கொண்டுவந்தபோது எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இளமஞ்சள், தேன் நிறம், செம்பு, கறுப்பு. ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒரு வாய் குடித்து, தண்ணீர் குடித்து, அடுத்ததுக்குப் போ என்றார் பரிமாறிய பெண். ஒரு மணி நேரம் ஆனது. மொத்தமே அரை லிட்டர் இருக்கும். இந்த அளவோடு எழுந்துவிடுவேன், ஊபரில்தான் ரூமுக்குத் திரும்புவேன். இங்கே சட்டப்படி நூறு மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. வண்டிச் சாவியை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது எனக்குச் சுலபமான வழி.

என் தொழிலும் இதில் நுழைகிறது. பியரை இரண்டு மூன்று டிகிரிக்குக் குளிர வைத்துக் கொடுத்தால் நாக்கு மரத்துப்போகும், எந்த பியரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எட்டு, பத்து டிகிரிக்கு வந்தால்தான் வாசனை மேலே ஏறும். ஏல் என்ற பியர் வகைகளை அப்படித்தான் கொடுக்க வேண்டும். அப்புறம் குழாய். பீப்பாயிலிருந்து குழாய் வரை வரும் லைனை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வழவழவென்று படலம் கட்டிப் புளித்துவிடும். ஒரு செயின் பாரில் எனக்கு வந்த பியர் கிளாஸ் காடி வாசனை அடித்தது. லைனை எப்போது கழுவினீர்கள் என்று கேட்டேன். மேனேஜர் உள்பட யாருக்கும் தெரியவில்லை. சின்ன இடங்களில் அந்தத் தேதி குளிர் அறைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நாட்டில் சின்ன ப்ரூவரி என்பதே நேற்று வந்த விஷயம். 1895-ல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய சௌத் ஆஃப்ரிக்கன் ப்ரூவரீஸ் காலப்போக்கில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அந்த வருஷமே வந்த அவர்களின் காஸில் லாகர் பியர் இன்றும் எல்லா ஊரிலும் ஓடுகிறது. அந்தக் கம்பெனி பிற்பாடு எஸ்ஏபி மில்லர் ஆகி, 2016-ல் பெல்ஜியத்தின் ஏபி இன்பெவ் கம்பெனி கைக்குப் போனது. 1983-ல் நைஸ்னாவில் லெக்ஸ் மிட்செல் தன் பெயரிலேயே ஒரு சின்ன ப்ரூவரி தொடங்கினார். இந்த நாட்டின் கிராஃப்ட் பியர், அதாவது சின்ன அளவில் காய்ச்சும் பியரின் கதையை எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். டர்பனுக்கு என்3 சாலையில் காரில் போனால் நாட்டிங்ஹாம் ரோடில் இறங்குவேன். 1996-லிருந்து அங்கே காய்ச்சுகிறார்கள். பியர்களுக்குத் தேரை, பன்றி என்று பிராணிகளின் பெயர். அந்தக் குளிர்ந்த புல்வெளியில் மத்தியானம் ஒரு சூப்பும் பக்கத்தில் போர்ட்டர் என்ற கறுப்பு பியரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழ மனம் வராது. வண்டி ஓட்ட வேண்டிய நாளில் போர்ட்டர் பக்கத்தில் இருப்பவருக்கு, எனக்கு சூப் மட்டும்.

காஸிலைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அப்பிங்டனில் நாற்பது டிகிரி வெயிலில் கூரை மேல் கண்டென்சர் (குளிர்பதன மிஷினின் சூட்டை வெளியே தள்ளும் பகுதி) மாற்றிவிட்டு இறங்கியபோது யாரோ கையில் கொடுத்த காஸில், அதற்கு ஈடே கிடையாது. ஆனால் அந்த பியரை எந்த ஊரிலும் குடிக்கலாம். ஊருக்கு வந்தவன் அந்த ஊரில் மட்டும் கிடைப்பதைத் தேடுவதுதானே நியாயம்?

கேப்டவுனில் ஒரு பாரில் நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்து, குழாய்க்குப் பின்னால் இருந்தவர் ஒரு டப்பாவைத் திறந்து நான்கைந்து பச்சை உருண்டைகளை என் உள்ளங்கையில் போட்டார். கோழித் தீவனம் மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் நன்றாகத் தேய்க்கச் சொன்னார். தேய்த்து முகர்ந்தால் கொய்யாப்பழம்! வீட்டுக் கொல்லையில் அதிகம் பழுத்துக் கீழே விழுந்த கொய்யாவின் அதே வாசனை. அது சதர்ன் பேஷன் என்ற ஹாப்ஸ், பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ. ஜார்ஜ் நகருக்குப் பக்கத்தில் அவுட்டெனிகுவா மலைப் பக்கம் விளைகிறது. ஹாப்ஸ் கொடிக்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். ஐரோப்பாவில் அது கிடைக்கும், 34 டிகிரி தெற்கில் கிடைக்காது. அதனால் முன்பு தோட்டத்தில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டினார்களாம். அப்புறம் இந்தப் பகல் அளவுக்கே பூக்கிற ரகங்களை இங்கேயே உருவாக்கினார்கள். அந்தக் கொய்யா வாசனை அடுத்த நாள் காலை வரை விரல் இடுக்கில் இருந்தது. மாலில் உட்கார்ந்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்குமா?

டர்பன் எனக்கு வேறு மாதிரி. அங்கே சாட்ஸ்வொர்த்தில் ஓர் அங்கிள் இருக்கிறார். எழுபது தாண்டியவர். ஒரு கிடங்கில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், வேலையில்தான் பழக்கம். அவர் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து தொடங்கிய அந்த வரிசையில் இவர் நான்காவது தலைமுறை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். முதல் தடவை என்னை உம்கெனி சாலையில் பிரிட்டானியா ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், பாதி ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிய பன்னி சௌ வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஸ்டேஷன் டிரைவில், பழைய கிடங்கு ஒன்றில் சின்ன ப்ரூவரி நடந்தது. அங்கே போகலாம் என்று நான் சொன்னபோது தயங்கினார்.

உள்ளே பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. கிராஃப்ட் பியர் பார்களில் எனக்கும் முதலில் கூச்சம் இருந்தது. பியர் கிளாஸைக் கையில் எடுத்த பிறகுதான் அங்கிள் மெதுவாகச் சொன்னார், "எங்க அப்பாவை இந்த மாதிரி இடத்துக்குள்ளே விடமாட்டாங்க தம்பி. நான் வேலைக்குப் போன காலத்துலயும் அப்படித்தான்." பொது இடங்களை நிறத்தால் பிரிக்கும் சட்டம் 1953-ல் வந்து 1990-ல்தான் போனது. அவர் அன்று குடித்தது அரை கிளாஸ். ஆனால் இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

அன்று அவர் சொன்ன கதைகளில் ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. அவர் பிறந்தது டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில். அவர்கள் வீட்டை ஒட்டி ஒரு ஜூலு அம்மா உம்கோம்போத்தி என்ற நாட்டு பியரைக் காய்ச்சுவாராம். மக்காச்சோள மாவு, முளைகட்டிய சோளம், தண்ணீர், அவ்வளவுதான். கொதிக்க வைத்து, ஆற வைத்து, புளிக்க விட்டு, வடிகட்டிப் பானையில் ஊற்றி, வட்டமாக உட்கார்ந்து கைமாற்றிக் குடிப்பது. காய்ச்சுவது பெண்கள். 1908-ல் வந்த சட்டத்தால் டர்பன் மாநகராட்சி அந்த பியரைத் தானே காய்ச்சி விற்கும் ஏகபோக உரிமையை எடுத்துக்கொண்டது. வீட்டில் காய்ச்சினால் குற்றம். போலீஸ் வந்து பானைகளை உடைத்து மண்ணில் கொட்டுமாம். 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் திரண்டு மாநகராட்சி பியர் கூடத்துக்குள் புகுந்தார்கள். அங்கிள் அப்போது சின்னப் பையன். உடைந்த பானையிலிருந்து எழுந்த வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். எப்படி இருக்கும் என்று கேட்டேன். "மாரியம்மன் கோயில் கூழ்ப் பானைக்குள்ளே தலையை விட்ட மாதிரி" என்றார். ஆடி மாதம் அவர்கள் அம்மனுக்கு ஊற்றுவது மக்காச்சோள மாவுக் கூழ், புளிக்க வைத்தது. எங்கள் ஊரில் கம்பு, இங்கே மக்காச்சோளம். எனக்கு அந்தப் பானையின் வாசனை அந்தக் கணமே வந்துவிட்டது.

அடுத்த முறை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அவருக்கு டோலோகாசி சோள பில்ஸ்னர் கொண்டுபோனேன். அபிவே நுக்சானி-மவேலா என்ற பெண்மணியின் பியர் அது. இந்த நாட்டில் சொந்தமாகக் கிராஃப்ட் ப்ரூவரி வைத்த முதல் கறுப்பினப் பெண் அவர். அங்கிள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். "நல்லா இருக்கு. ஆனா அந்தப் புளிப்பு இல்லை." அதுவும் சரிதான்.

உள்ளூர் என்பதற்கும் எல்லை தெரியவில்லை. சொவெட்டோ கோல்ட் என்ற பியரை நான் விரும்பிக் குடித்தேன். 2017-ல் நெதர்லாந்தின் ஹைனகன் கம்பெனி அதை வாங்கிவிட்டது. பெயர் சொவெட்டோதான், பணம் போகும் இடம் வேறு. அதனால்தான் போத்தலின் பெயரை நம்பாமல், கையை நீட்டி இடத்தைக் காட்டுகிறார்களா என்று பார்க்கிறேன். சின்ன ப்ரூவரி பியரின் விலை காஸிலைப் போல இரண்டு மடங்குகூட இருக்கும். எனக்கு அது கனமாகத் தெரியவில்லை, ஏனென்றால் இவர்கள் பட்டதைக் கேட்டிருக்கிறேன். கோவிட் நேரத்தில் 2020 மார்ச் 27-லிருந்து மது விற்பனை நின்றது, ஜூன் 1-ல்தான் திறந்தது. அதற்குப் பின் 2021 ஜூலைக்குள் இன்னும் மூன்று தடவை மூடினார்கள். பெரிய கம்பெனி தாங்கும். தொட்டியில் பியரை வைத்துக்கொண்டு வாடகை கட்டுகிறவர் எத்தனை நாள் தாங்குவார்? எனக்குப் பிடித்த இரண்டு இடங்கள் அப்போது மூடியவை, திறக்கவே இல்லை.

அப்புறம் மின்வெட்டு. 2023-ல் மோசமாக இருந்தபோது ஸ்டேஷன் டிரைவ் ப்ரூவரிக்குப் போனேன். காய்ச்சுகிறவர் முகமே சரியில்லை. மாவு ஊறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சூடு இறங்கி அந்தத் தடவை காய்ச்சியதே வீணாகும். புளிக்கும் தொட்டியில் குளிர் போனால் ஈஸ்ட் வெறி பிடித்துப் பழவாசனையும் நெடியும் ஏறும். போதாததற்குத் தொட்டிகளைக் குளிர வைக்கும் சில்லர், கரண்ட் இருக்கும்போதும் நின்று நின்று ஓடுகிறது என்றார். மெக்கானிக் புதன்கிழமைதான் வருவாராம். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன்.

கண்டென்சரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முளைகட்டிய தானியமான மால்ட்டை அரைக்கும் மிஷினை அதற்கு மூன்றடி தள்ளி வைத்திருந்தார்கள். அரைக்கிற தூசி முழுவதும் தகடுகளுக்கு நடுவே போய், ஈரத்தில் ஊறி, கம்பளி மாதிரி அப்பியிருந்தது. காற்றே போகவில்லை. பிரஷர் ஏறுகிறது, கட் ஆகிறது, மறுபடி ஓடுகிறது. என் கருவிப் பையிலிருந்து நீள பிரஷ்ஷை எடுத்துவந்து மேலிருந்து கீழாக, தகடு மடங்காமல், முக்கால் மணி நேரம் தேய்த்தேன். ஒரு வாளி நிறைய மாவு வந்தது. மறுபடி ஓடவிட்டு இருவரும் கேஜைப் பார்த்துக்கொண்டே நின்றோம். முள் இறங்கி ஓரிடத்தில் நின்றது. பக்கத்துத் தொட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயின் நுனி ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கியிருந்தது, அதில் குளுக், குளுக் என்று குமிழி வந்துகொண்டிருந்தது.

மிஷினை வேறு சுவருக்கு மாற்றச் சொன்னேன். இடம் இல்லை என்றார். அப்படியானால் வாரம் ஒரு தடவை தேய்க்க வேண்டும் என்று சொல்லி பிரஷ்ஷை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். போன மாதம் அங்கிளைக் கூட்டிக்கொண்டு போனபோது அது கண்டென்சருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முடியெல்லாம் தேய்ந்துபோய் இருந்தது. அடுத்த டர்பன் வேலைக்குப் புதிதாக ஒன்று எடுத்துப் போக வேண்டும்.