மாசக் கடைசி வாரம்

உணவு குடுக்குற சென்டர்ல நான் வாலண்டியரா சேர்ந்த புதுசுல எனக்கு பேக்கிங் வேலை. மேஜைல சாமான் வரிசையா இருக்கும், ஒண்ணொண்ணா எடுத்து பையில போட்டு முடிச்சு போட்டு தள்ளிட்டு அடுத்தது. மணிக்கு எத்தனை பைன்னு எங்களுக்குள்ள போட்டி வேற. அந்தப் பை வீட்டுக்குப் போனப்புறம் என்ன ஆகுதுன்னு யாரும் யோசிச்சதில்ல, நானும்தான்.

ஒருநாள் வயசான ஒரு அம்மா பைய வாங்கி அங்கயே பெஞ்சுல வச்சு பிரிச்சு, பாதிய எடுத்து என்கிட்டயே திருப்பிக் குடுத்தாங்க. சூப் டின்னு, பிஸ்கட், ஜாம். "எனக்கு பிரஷரும் இருக்கு, சுகரும் இருக்கு தம்பி, சாப்பிட முடிஞ்சவங்களுக்காவது குடு"ன்னாங்க. கோவமா சொல்லல, அதான் இன்னும் சங்கடமாப் போச்சு. அவங்க போனதும் அந்த டின்ன திருப்பிப் பாத்தேன். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழ தான் உப்பு இருக்கணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, அந்த ஒரே டின்னுலயே அதுல பாதிக்கு மேல இருந்துச்சு. இத எத்தனை மாசமா அவங்க கையில குடுத்து அனுப்பிட்டு இருந்தோம்!

சாப்பாட்டுக்கு கஷ்டப்படுறவங்கன்னா எலும்பும் தோலுமா இருப்பாங்கன்னு தான் நானும் நெனச்சிருந்தேன். க்யூல நிக்கிறவங்கள பாத்தா அப்படி இல்ல. கம்மி காசுல வயித்த நிரப்புறது மாவும் சர்க்கரையும் எண்ணெயும் தானே, அதனால ஒரே ஆளுக்கு உடம்பும் பெருத்திருக்கும், ரத்தசோகையும் இருக்கும்.

எங்க சென்டருக்கு அப்பப்ப ஒரு நர்ஸ் வந்து பிரஷர், சுகர் பாப்பாங்க. அவங்க தான் சொன்னாங்க, மாசக் கடைசில தான் சுகர் ரொம்ப இறங்கிப் போயி ஆளுங்க மயங்கி விழுறாங்கன்னு. ஏன்னா கையில காசும் இல்ல வீட்ல சாமானும் இல்ல, ஆனா டாக்டர் சொன்னாரேன்னு வெறும் வயித்துல மாத்திரைய மட்டும் போட்டுக்கறாங்க. கலிபோர்னியால பண்ணி 2014ல வெளிவந்த ஒரு ஆய்வும் இதையே தான் காட்டுது, வருமானம் கம்மியா இருக்குறவங்க சுகர் இறங்கி ஆஸ்பத்திரில சேர்றது முதல் வாரத்த விட கடைசி வாரத்துல 27 சதவீதம் அதிகம். நாங்க பை குடுத்துட்டு இருந்தது எப்போன்னா மாசத்து முதல் சனிக்கிழமை, ஏன்னா அது எங்களுக்கு வசதி! மீட்டிங்ல இத மாத்துறதுக்கு பெரிய சண்டையே நடந்துச்சு, கடைசில முதல் வாரம் பாதி நாலாவது வாரம் பாதின்னு பிரிச்சோம்.

ரெண்டாவதா, பை கட்டுறத விட்டுட்டு சாமான ஷெல்ஃப்ல அடுக்கி வேணுங்கறத அவங்களே எடுத்துக்கட்டும்னு விட்டோம். அள்ளிட்டுப் போயிடுவாங்கன்னு சிலர் பயந்தாங்க, அப்படி ஒண்ணும் நடக்கல, வேண்டாததுனு மூலைல போட்டுட்டுப் போற பொருள் தான் கொறஞ்சுது. அப்ப தான் எங்களுக்கு இன்னொண்ணும் தெரிஞ்சுது, சில பேர் வீட்ல அடுப்பே இல்ல, அவங்களுக்கு பருப்பு குடுத்து என்ன பிரயோஜனம்.

ஆனா யாருக்கு தேவைன்னு கண்டுபிடிக்கிறது தான் கஷ்டம். சாப்டீங்களான்னு கேட்டா எல்லாரும் சாப்டேன்னு தான் சொல்வாங்க. ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பு இதுக்குன்னு 8 கேள்வி வச்சிருக்கு, முதல் கேள்வி பசிய பத்தியே இல்ல, சாப்பாடு இல்லாமப் போயிடுமோன்னு கவலைப்பட்டீங்களான்னு தான் ஆரம்பிக்குது, ஒரு நாள் முழுக்க சாப்பிடாம இருந்தீங்களாங்கறது கடைசில தான் வரும். நாங்களும் அப்படியே கேக்க ஆரம்பிச்சோம், கவலைன்னு கேட்டா மனுஷங்க வாயத் தெறக்குறாங்க.

இதனால யாரோட சம்பளமும் கூடிடல, அது எங்க கையில இல்ல. காய்கறி, முட்டை, பாலுக்கு ஃப்ரிட்ஜ் வேணும், எங்ககிட்ட இருக்குறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் சின்னது. அந்த அம்மா இப்பவும் நாலாவது வாரம் வர்றாங்க, முட்டையும் பயறும் எடுத்துக்கறாங்க, டின் பக்கம் திரும்பறதே இல்ல.

போன வாரம் வந்த டொனேஷன்ல மறுபடியும் நாலு பெட்டி ஜாம். ரூம் மூலைல அப்படியே கெடக்கு.