கோடு விழும் டிவிடியோடு ஒரு மார்ச் மாதம்

மார்ச் 3, 2024, ஞாயிறு

பழைய அனிமே தொடர் ஒன்றின் அமெரிக்க டிவிடிப் பெட்டி கைக்கு வந்துவிட்டது. ஸ்ட்ரீமிங்கில் இந்தத் தொடர் கிடையாது; இணையத்தில் சுற்றும் பிரதிகளோ ஏற்கெனவே நசுக்கி எடுத்தவை. இதன் காட்சிகளை வெட்டி, மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு ரசிகர் வீடியோவாக எடிட் செய்யப் போகிறேன், மூலத்திலிருந்தே தொடங்கலாம் என்று முடிவு.

முதல் எபிசோடைக் கணினியில் ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். எதிர்பார்த்ததுதான். கதாநாயகி தலையைத் திருப்பும் இடத்தில் முகத்தின் விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிடைக்கோடுகள். என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் பழைய டிவி முறை) டிவிடியில் படம் 720×480. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் இன்னொரு ஃபீல்டு; இப்படிப் பிரித்து வைப்பதுதான் இன்டர்லேஸ். பிக்சர் டியூப் டிவி இந்த ஃபீல்டுகளை நொடிக்கு ஏறத்தாழ 60 வீதம் மாற்றி மாற்றி வரைந்தது, கண்ணுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. கணினித் திரை இரண்டையும் ஒரே ஃபிரேமாகச் சேர்த்துக் காட்டுகிறது. இரண்டும் வேறு வேறு கணத்தைச் சேர்ந்தவை என்றால் கோடு விழும். இரண்டு விசிஆரை இணைத்து எடிட் செய்த காலத்து ரசிகர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. (அவர்களுக்கு வேறு தலைவலிகள்.)

எடிட்டிங் மென்பொருளில் ‘டீஇன்டர்லேஸ்’ என்றொரு கட்டம் இருக்கிறது. டிக் அடித்தால் கோடு மறையும். நான் அதைத் தொடுவதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

அந்தக் கட்டத்தைச் சும்மா விடக் காரணம் இருக்கிறது. எளிய டீஇன்டர்லேஸ் ஒரு ஃபீல்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் 240 வரிகளை இழுத்து 480 ஆக்கும். நிஜ மனிதர்கள் நடித்த காட்சியில் அது தப்பித்துவிடலாம். அனிமேயில் முடியாது, கறுப்பு மெல்லிய கோட்டால் வரைந்த படம் அது. சரிவான கோடெல்லாம் படிக்கட்டாகிவிடும்.

அதைவிட முக்கியம், இந்த டிவிடியில் இருப்பது உண்மையான இன்டர்லேஸ் படமே இல்லை. அனிமே நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் எடுக்கப்பட்டது. டிவிக்கு நொடிக்கு 29.97 ஃபிரேம் வேண்டும். அதனால் படத்தைக் கொஞ்சம் மெதுவாக்கி 23.976 ஆக்கி, நாலு ஃபிரேமை ஐந்தாகப் பிரித்துவிடுகிறார்கள். அ, ஆ, இ, ஈ என்று நாலு படம் இருந்தால் டிவிடியில் ஃபீல்டு ஜோடிகள் இப்படி வரும்: அஅ, ஆஆ, ஆஇ, இஈ, ஈஈ. மூன்று சுத்தம், இரண்டில் கோடு. அசைவுள்ள இடத்தில் ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்தால் இந்த மூன்று-இரண்டு வரிசை தெரியும். தெரிந்தால் நிம்மதி. ‘இ’யின் ஒரு பாதி மூன்றாவது ஃபிரேமில் இருக்கிறது, மறு பாதி நாலாவதில். இரண்டையும் எடுத்துச் சேர்த்தால் முழு ‘இ’ கிடைத்துவிடும், ஒரு வரிகூட இழக்காமல்.

மார்ச் 9, சனி

வேலை நாள். நகலெடுப்பதைத் தடுக்கும் டிவிடி பூட்டைத் திறந்து, படம் இருக்கும் விஓபி கோப்புகளை எடுத்தேன். (வணிக நோக்கமில்லாத ரீமிக்ஸ் வீடியோக்களுக்குச் சிறு பகுதிகளை எடுக்க டிவிடி பூட்டைத் திறக்கலாம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2010ல் விலக்கு கொடுத்தது. ரசிகர்கள் போய் வாதாடி வாங்கியது அது.) கோப்பை அலசிச் சொல்லும் டிஜிஇன்டெக்ஸ் மென்பொருளில் ஓடவிட்டால் ‘என்டிஎஸ்சி’ என்றே காட்டியது. ‘ஃபிலிம்’ என்று 95 சதவீதத்துக்கு மேல் காட்டியிருந்தால் வேலை மிச்சம், உள்ளே 23.976 சுத்தமாக இருக்கிறது, சில ஃபீல்டுகளைத் திருப்பிக் காட்டச் சொல்லும் குறி மட்டும் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். இங்கே ஜோடிகளையே படத்தில் பதித்துவிட்டார்கள்.

வீடியோவை எழுத்துக் கட்டளைகளால் சரிசெய்யும் ஏவிசின்தில் இரண்டே வரி. டிஎஃப்எம் பிரிந்த ஃபீல்டுகளை ஜோடி சேர்க்கும், டிடெசிமேட் அதனால் இரண்டு முறை வரும் உபரி ஃபிரேமை ஐந்தில் ஒன்றாகக் கழிக்கும். சண்டைக் காட்சிகள் கண்ணாடி மாதிரி வந்தன. பேச்சுக் காட்சிகளில்தான் கவனம் வேண்டும். அனிமேயில் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று ஃபிரேமுக்குப் பிடித்து வைப்பார்கள். ஆகவே எங்கும் உபரிபோலத் தெரியும். வாய் மட்டும் அசையும் இடத்தில் டிடெசிமேட் தவறான ஒன்றைக் கழித்தால் ஒரு சின்ன வெட்டு வெட்டும்.

ஓபனிங் காட்சியில் பெயர்கள் 29.97ல் மேலே ஓடுகின்றன, அடியில் படம் 24ல். படம் சரியானால் எழுத்தில் கோடு. சண்டை போட்டுப் பயனில்லை. கடைசி டிஸ்க்கில் பெயரில்லாத ஓபனிங் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டேன். அதே டிஸ்க்கில் குரல் கலைஞர்களின் பேட்டி. அது வீடியோ கேமராவில் எடுத்தது, ஒவ்வொரு ஃபீல்டும் தனிக் கணம், சேர்க்க ஜோடியே கிடையாது. அங்கேதான் டீஇன்டர்லேஸ் உண்மையாகவே வேண்டும், கியூடிஜிஎம்சி என்ற வடிகட்டியைப் போட்டேன். மெதுவாக ஓடும், ஆனால் அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை.

மார்ச் 10, ஞாயிறு

எடிட் செய்யும் தம்பி ஒருவன் செய்தி அனுப்பினான்: “அண்ணா, பழைய தமிழ்ப்பட டிவிடி. கோடு இல்ல, ஆனா ஆடுறவங்க கை காலெல்லாம் ரெண்டு ரெண்டா மங்கலாத் தெரியுது. நீங்க சொன்ன ரெண்டு வரி போட்டேன், ஒண்ணும் ஆகல.”

ஆகாது. ஒரு துண்டை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நொடிக்கு 50 ஃபீல்டு உள்ள ‘பால்’ (PAL, இந்தியா, ஐரோப்பாவின் பழைய டிவி முறை) மூலத்தை என்டிஎஸ்சியின் 60க்கு மாற்றும்போது, பக்கத்துப் பக்கத்து ஃபீல்டுகளைக் கலந்துவிட்டிருக்கிறார்கள். கலந்ததைச் சுத்தமாகப் பிரிக்க வழியில்லை. கியூடிஜிஎம்சி-யில் ஃபீல்டுகளை முழு ஃபிரேமாக விரித்து, எஸ்ரெஸ்டோர் என்ற வடிகட்டி கொண்டு கலக்காதவற்றைப் பொறுக்கலாம், ஓரளவு தேறும். அதே படத்தின் பால் டிவிடி கிடைக்குமா என்று தேடு, அதுதான் உத்தமம் என்றேன். பால் டிவிடியில் படத்தை 4 சதவீதம் வேகமாக்கி 25 ஃபிரேமாக ஓட்டியிருப்பார்கள், பெரும்பாலும் கோடே இருக்காது. இருந்தாலும் டிஎஃப்எம் மட்டும் போதும், கழிக்க உபரி இல்லை. பாட்டு நாம் தனியாகப் போடுவதால் வேகம் ஒரு பொருட்டில்லை.

“சரிண்ணா, முதல்ல சின்னதாக்கிட்டு அப்புறம் சரி பண்ணலாமா?” என்றான். கூடவே கூடாது. கோடுள்ள ஃபிரேமை உயரத்தில் சுருக்கினாலோ பெரிதாக்கினாலோ இரண்டு ஃபீல்டின் வரிகளும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். பிறகு எந்த வடிகட்டிக்கும் பிடி கிடைக்காது. டைம்லைனில் படத்தை ஜூம் செய்வதும் அதே கதைதான்.

மார்ச் 16, சனி

சுத்தம் செய்ததெல்லாம் யூடி வீடியோ என்ற சுருக்கு முறையில் இழப்பில்லாமல் சேமித்தாயிற்று. ஹார்ட் டிஸ்க் அழுகிறது, பரவாயில்லை. விஓபியை நேராக டைம்லைனில் போட்டால் வெட்டும் இடம் ஒரு ஃபிரேம் முன்னே பின்னே நழுவும் தொல்லை எனக்குப் போதும்.

டைம்லைன் 23.976. பாட்டு நிமிடத்துக்கு 120 பீட், அதாவது ஒரு பீட்டுக்கு 12 ஃபிரேம்தானே என்று எண்ணி எண்ணி வெட்டக்கூடாது. உண்மையில் அது 11.988. மூன்று நிமிடம் முடியும்போது நாலு ஃபிரேம் தள்ளிப்போயிருக்கும், அந்த உறுத்தல் காதுள்ள யாருக்கும் தெரியும். அலைவடிவத்தைப் பார்த்தே குறி வைக்கிறேன்.

அளவையும் இன்றே முடிவு செய்தேன். டிவிடியின் புள்ளிகள் சதுரம் இல்லை. 4:3 படத்தை 720×480 ஆகவே விட்டால் எல்லோருக்கும் முகம் அகன்றுவிடும். பலர் 640×480க்குப் போவார்கள். அகலத்தை இழக்க எனக்கு மனமில்லை, 720×540 வைத்திருக்கிறேன். பாட்டின் முதல் சரணம் வரை வெட்டியாயிற்று, நாளை கோரஸ்.